லைப்ரரி ஜாரில் உள்ள என்டிட்டிகளை மேவன் பிளகின் பார்க்கவில்லை, டேபிளை டிராப் செய்யச் சொல்கிறது

தக்கலை_தம்பி

எல்லாருக்கும் வணக்கம். இரண்டு நாளாக இதிலேயே கிடக்கிறேன், தெரிந்தவர்கள் கொஞ்சம் பார்த்துச் சொல்லுங்கள்.

குலசேகரம், திருவட்டாறு பக்கம் ரப்பர் பால் எடுக்கிற ஒரு சின்ன சங்கத்துக்கு நாங்கள் மூன்று பேர் சேர்ந்து கணக்கு மென்பொருள் எழுதுகிறோம். காலையில் வெட்டு முடிந்து பால் வந்ததும் எடை போட்டு, ஒரு குப்பியில் சாம்பிள் எடுத்து, டிஆர்சி பார்ப்பார்கள். பாலில் காய்ந்த ரப்பர் எத்தனை சதவீதம் என்ற கணக்கு அது, பெரும்பாலும் 30-க்கும் 40-க்கும் நடுவில் நிற்கும், அதை வைத்துத்தான் ஆளுக்குப் பணம். பால் வரவு ஒரு மாட்யூல். ஷீட்டும் ஒட்டுப்பாலும் கிடங்கில் ஏறுவது இறங்குவது இன்னொரு மாட்யூல். இரண்டுக்கும் பொதுவான விவசாயி, பால்வரவு, தரம் ஆகிய மூன்று என்டிட்டிகளை (டேபிளுக்கு ஒன்றாக எழுதுகிற ஜாவா கிளாஸ்கள்) தனி லைப்ரரி ஜாராகப் பிரித்து வைத்திருக்கிறோம். எல்லாம் ஒரே பேரன்ட் போமுக்கு, அதாவது மேவன் பில்டின் பொது அமைப்பு ஃபைலுக்கு, கீழேதான் இருக்கிறது.

ஆப் ஸ்பிரிங் பூட் 3-இல், என்டிட்டியை டேபிளோடு இணைக்க ஹைபர்னேட் 6, டேட்டாபேஸ் போஸ்ட்கிரெஸ். டேபிள் மாற்றங்களுக்கு லிக்விபேஸ். என்டிட்டியில் ஒரு ஃபீல்டு சேர்த்தால் அதற்கான சேஞ்ச்லாக்கை (டேபிள் மாற்றங்களை வரிசையாகச் சொல்கிற ஃபைல்) கையால் எழுதாமல், லிக்விபேஸ் மேவன் பிளகினோடு அதன் ஹைபர்னேட் எக்ஸ்டென்ஷனைச் சேர்த்து, டிஃப் போட்டு எடுக்கலாம் என்று படித்தேன். கிடங்கு மாட்யூலின் போமில் பிளகினை வைத்து, ரெஃபரன்ஸ் யூஆர்எல் இப்படிக் கொடுத்தேன்:

ஹைபர்னேட்:ஸ்பிரிங்:சங்கம்.கிடங்கு?டயலெக்ட்=போஸ்ட்கிரெஸ் டயலெக்ட்

முதல் தடவை ஓட்டியபோது, கிடங்கில் இருக்கிற ஷீட்கட்டு என்டிட்டி விவசாயியைச் சுட்டுகிற இடத்தில், "இந்த உறவு சுட்டுகிற வகை ஒரு என்டிட்டியே இல்லை" என்கிற மாதிரி எரர். விவசாயி கிளாஸைத் திறந்து பார்த்தேன், தலைக்கு மேலேயே என்டிட்டி அனோட்டேஷன் இருக்கிறது. ஆப் ஓடும்போது ஒரு சிக்கலும் இல்லை, அங்கே என்டிட்டி ஸ்கேனில் இரண்டு பேக்கேஜையும் கொடுத்திருக்கிறேன். சரி, இப்போதைக்கு ஆகட்டும் என்று மெனி டு ஒன் உறவை எடுத்துவிட்டு வெறும் விவசாயி எண்ணாக மாற்றினேன். எரர் போய்விட்டது.

ஆனால் அப்புறம் வந்த சேஞ்ச்லாக்கைத் திறந்தால் கை நடுங்கிவிட்டது. நான் பால்வரவு என்டிட்டியில் டிஆர்சி என்று ஒரே ஒரு ஃபீல்டுதான் புதிதாகச் சேர்த்தேன். அது ஃபைலில் எங்கேயும் இல்லை. அதற்குப் பதிலாக முதலில் ஃபாரின் கீ டிராப், அதற்குக் கீழே டிராப் டேபிள் விவசாயி, டிராப் டேபிள் பால்_வரவு, டிராப் டேபிள் தரம். நல்ல வேளை, ஓட்டவில்லை. அந்த டேபிளில் சங்கத்தின் எட்டு மாத வரவு கிடக்கிறது.

லைப்ரரி ஜாருக்குள் இருக்கிற என்டிட்டிகளையும் பார் என்று இந்தப் பிளகினுக்கு எப்படிச் சொல்வது?

நாஞ்சில்_ஜாவா

தம்பி, முதலில் அந்த ஃபைலை அழித்துவிடுங்கள். ரெப்போவில் கமிட் ஆகியிருந்தால் அங்கிருந்தும் எடுங்கள். யாராவது அடுத்த ஆள் பார்க்காமல் ஓட்டிவிடக் கூடாது.

இப்போது நடந்தது என்ன என்று சொல்கிறேன். டிஃப் என்பது இரண்டு படத்தைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பது. ஒன்று உங்கள் என்டிட்டிகளிலிருந்து ஹைபர்னேட் வரைகிற படம், இன்னொன்று உண்மையான டேட்டாபேஸ். முதல் படத்தில் இல்லாதது இரண்டாவதில் இருந்தால், "இது வேண்டாததுபோல" என்று எடுத்துக்கொண்டு டிராப் எழுதிவிடும். விவசாயி டேபிள் முதல் படத்திலேயே வரவில்லை, அதனால்தான் டிராப். பிளகினின் பிழை இல்லை இது, நீங்கள் அதற்குக் காட்டிய உலகம் அவ்வளவுதான்.

ஆப் ஓடும்போது சரியாக இருக்கிறதே என்று கேட்டீர்கள். என்டிட்டி ஸ்கேன் என்பது ஸ்பிரிங் பூட்டுக்கு எழுதிய அனோட்டேஷன். பிளகின் உங்கள் ஆப்பைத் தொடங்குவதே இல்லை, மெயின் கிளாஸைத் தொடுவதும் இல்லை, அப்ளிகேஷன் பிராப்பர்ட்டீஸ் ஃபைலையும் வாசிக்காது. அதற்குத் தெரிந்தது ரெஃபரன்ஸ் யூஆர்எல்லில் நீங்கள் எழுதிய பேக்கேஜ் மட்டும்தான். சங்கம்.கிடங்கு என்று எழுதினீர்கள், அது சங்கம்.கிடங்குக்குக் கீழே உள்ளதை மட்டும் தேடியது. நீங்கள் பார்த்த முதல் எரரும் இதேதான். ஹைபர்னேட் 6 அந்த இடத்தில் சொல்கிற வார்த்தை ஆளைக் குழப்பும். "என்டிட்டி இல்லை" என்றால் அனோட்டேஷன் இல்லை என்று பொருள் இல்லை, "எனக்குக் கொடுத்த பட்டியலில் இல்லை" என்றுதான் பொருள். அந்த எரரை மறைக்கத்தான் நீங்கள் உறவை எடுத்தீர்கள், அது காவலுக்கு நின்ற நாயை அவிழ்த்துவிட்ட மாதிரி ஆகிவிட்டது. மெனி டு ஒன் உறவைத் திரும்ப வையுங்கள்.

பேக்கேஜ்களைக் கமா போட்டு வரிசையாகக் கொடுக்கலாம்:

ஹைபர்னேட்:ஸ்பிரிங்:சங்கம்.கிடங்கு,சங்கம்.பொது?டயலெக்ட்=…

கமாவுக்கு அப்புறம் இடைவெளி விடாதீர்கள். டயலெக்டுக்கு அப்புறம் வேறு ஏதாவது சேர்த்தால் நடுவில் ஆம்பர்சண்ட் வரும், போம் ஒரு எக்ஸ்எம்எல் ஃபைல் என்பதால் அதை அப்படியே எழுத முடியாது, எஸ்கேப் செய்துதான் எழுத வேண்டும். "சங்கம்" என்று மேல் பேக்கேஜை மட்டும் கொடுத்தால் இரண்டும் வந்துவிடுமே என்று தோன்றும், வரும்தான். ஆனால் நாளைக்கு அதே பெயரில் தொடங்குகிற இன்னொரு ஜார் கிளாஸ்பாத்தில் வந்தால் அதன் என்டிட்டிகளும் சேர்ந்துகொள்ளும். பெயர் சொல்லிக் கொடுப்பதே நல்லது.

இன்னொன்று. நீங்கள் கிடங்கு ஃபோல்டருக்குள் நின்றுகொண்டு பிளகின் கமாண்டை மட்டும் ஓட்டுகிறீர்கள் என்று நினைக்கிறேன். அப்படி ஓட்டினால் மேவன் பக்கத்து ஃபோல்டரில் இருக்கிற லைப்ரரி மாட்யூலைப் பார்க்காது. எம்2 ஃபோல்டரில், அதாவது உங்கள் கம்ப்யூட்டரில் உள்ள லோக்கல் ரெப்போவில், கடைசியாக இன்ஸ்டால் ஆன ஜாரைத்தான் எடுக்கும். டிஆர்சி சேர்த்த பிறகு லைப்ரரியை இன்ஸ்டால் செய்தீர்களா? இல்லையென்றால் பேக்கேஜ் சரியாகக் கொடுத்தாலும் பழைய பால்வரவுதான் கிடைக்கும். லைப்ரரியில் ஒரு தடவை இன்ஸ்டால், கிடங்கில் ஒரு தடவை கம்பைல், அப்புறம் டிஃப். இந்த வரிசையில் போங்கள்.

தக்கலை_தம்பி

ரொம்ப நன்றி அண்ணே. நீங்கள் சொன்னது சரிதான், இன்ஸ்டால் செய்து மூன்று வாரத்துக்கு மேல் ஆகிறது, எடிட்டருக்குள்ளேயே ஓட்டிக்கொண்டிருந்ததால் தெரியவில்லை.

உறவைத் திரும்ப வைத்தேன், கமா போட்டு இரண்டு பேக்கேஜ் கொடுத்தேன், லைப்ரரியை இன்ஸ்டால் செய்தேன். பில்டு சக்சஸ். கிடங்கை எடிட்டரிலேயே கம்பைல் செய்துவிட்டு டிஃப் போட்டேன். இப்போது வேறு எரர். ஷீட்கட்டு கிளாஸை ஏற்றும்போது, விவசாயி கிளாஸ் டெஃபினிஷன் கிடைக்கவில்லை என்று நோ கிளாஸ் டெஃப் ஃபவுண்டு. முன்பு இருந்ததைவிட மோசமாகிவிட்ட மாதிரி இருக்கிறது. எடிட்டரில் ஆப் இப்போதும் நன்றாக ஓடுகிறது.

குளச்சல்_கரை

மக்கா, லைப்ரரி பழையதா? ஸ்பிரிங் பூட் 2 நாளிலிருந்து வருவதா? அப்படியானால் என்டிட்டி அனோட்டேஷனை எந்தப் பேக்கேஜிலிருந்து இம்போர்ட் செய்திருக்கிறீர்கள் என்று பாருங்கள். ஜாவாஎக்ஸ் பெர்சிஸ்டென்ஸ் என்று இருந்தால் ஹைபர்னேட் 6 அதைக் கண்டுகொள்ளவே செய்யாது, ஜகார்த்தா பெர்சிஸ்டென்ஸ் என்று இருக்க வேண்டும். பழைய ஏபிஐ ஜாரும் கிளாஸ்பாத்தில் கிடந்தால் கம்பைல் அழகாக ஆகும், ஒரு எச்சரிக்கையும் வராது, என்டிட்டி மட்டும் காணாமல் போகும். எங்கள் படகு டீசல் மானியக் கணக்கில் இதே சிக்கலில் ஒரு வெள்ளிக்கிழமை முழுக்கப் போனது.

இல்லையென்றால் லைப்ரரியைப் பிளகினுக்கு உள்ளேயே டிபென்டன்சியாகக் கொடுத்துப் பாருங்கள். மேவனில் ஒவ்வொரு பிளகினுக்கும் தனி கிளாஸ்லோடர். புராஜெக்டின் டிபென்டன்சியை அது தானாகப் பார்க்கும் என்று எல்லாப் பிளகினையும் நம்ப முடியாது, அந்தந்தப் பிளகின் எழுதியவர் புராஜெக்ட் கிளாஸ்பாத்தைக் கேட்டு வாங்கியிருந்தால்தான் பார்க்கும்.

இரணியல்_அக்கா

குளச்சல் தம்பி சொன்னது பொதுவாகச் சரி, ஆனால் இங்கே அது இல்லை என்று நினைக்கிறேன். எரர் மாறியிருக்கிறது, அதைக் கவனிக்க வேண்டும்.

முதலில் வந்தது "என்டிட்டி இல்லை". அப்படியென்றால் விவசாயி கிளாஸ் கையில் கிடைத்தது, பட்டியலில் மட்டும் இல்லை. ஜாவாஎக்ஸ், ஜகார்த்தா பிரச்சினை என்றாலும் இதே மாதிரிதான் வரும், கிளாஸ் இருக்கும், அனோட்டேஷன் செல்லாது. இப்போது வந்திருப்பது கிளாஸே கிடைக்கவில்லை என்பது. பிளகின் புராஜெக்ட் டிபென்டன்சியைப் பார்க்காது என்றால் முதல் தடவையே இது வந்திருக்க வேண்டும், வரவில்லை. ஆக, நடுவில் மாறிய ஒரே பொருள் அந்த ஜார்தான். நீங்கள் இன்ஸ்டால் செய்த புது ஜாருக்குள் ஏதோ இடம் மாறியிருக்கிறது.

தம்பி, போமை இனித் தொடாதீர்கள். டெர்மினலில் எம்2 ஃபோல்டருக்குள் அந்த ஜார் இருக்கிற இடத்துக்குப் போய் ஜார் டிஎஃப் என்று அடித்து ஃபைல் பெயரைக் கொடுங்கள். உள்ளே இருக்கிற பட்டியல் வரும். விவசாயி கிளாஸ் எந்தப் பாதையில் இருக்கிறது என்று எழுத்து எழுத்தாக இங்கே போடுங்கள். ஜாரின் சைஸையும் சொல்லுங்கள்.

நான் ஏன் இதில் இவ்வளவு பிடிவாதமாக இருக்கிறேன் என்றால், தேங்காப்பட்டணம் துறைமுகத்து மீன் ஏலக் கணக்குக்கு ஒரு பழைய லைப்ரரி வாங்கிப் போட்டோம், அது ஆன்ட் என்கிற பழைய பில்டு கருவி வைத்து பில்டு ஆன ஜார். கிளாஸ்கள் சரியான பாதையில் இருந்தன, பேக்கேஜ் பெயர் சரி, இம்போர்ட் சரி. நேராகக் கிளாஸ் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் வருகிறது, பேக்கேஜ் ஸ்கேன் செய்தால் மட்டும் பூஜ்யம். நான்கு நாள் போமையும் யூஆர்எல்லையும் மாற்றி மாற்றிப் பார்த்தோம். கடைசியில் ஜார் டிஎஃப் போட்டபோதுதான் தெரிந்தது, அதில் ஃபைல்கள் மட்டும் இருந்தன, ஃபோல்டர்களுக்கான வரி ஒன்றுகூட இல்லை. ஆன்டின் ஜார் டாஸ்கில் ஃபைல்ஸ் ஒன்லி என்று ஒரு சுவிட்ச் உண்டு, யாரோ அதைப் போட்டுவிட்டார்கள். ஸ்பிரிங் ஒரு பேக்கேஜை ஸ்கேன் செய்யும்போது முதலில் அந்த ஃபோல்டர் எந்த ஜாரில் இருக்கிறது என்று கிளாஸ்லோடரிடம் கேட்கும். ஃபோல்டர் வரி இல்லாத ஜார் "எங்களிடம் இல்லை" என்று சொல்லிவிடும். ஸ்பிரிங் ஆவணத்திலேயே இதைச் சொல்லியிருக்கிறார்கள். அன்றைக்கு முதல் எந்த ஸ்கேன் பிரச்சினை வந்தாலும் ஜாரைத் திறந்து பார்த்துவிட்டுத்தான் மற்றது.

தக்கலை_தம்பி

அக்கா, பார்த்துவிட்டேன். நீங்கள் சொன்ன மாதிரியே ஜாருக்குள்தான் இருக்கிறது விஷயம்.

நான் எதிர்பார்த்தது: சங்கம்/பொது/விவசாயி.கிளாஸ்

அங்கே இருப்பது: பூட்-இன்ஃப்/கிளாசஸ்/சங்கம்/பொது/விவசாயி.கிளாஸ்

அதற்குக் கீழே பூட்-இன்ஃப்/லிப் என்று ஒரு ஃபோல்டர், அதில் ஹைபர்னேட், ஸ்பிரிங், போஸ்ட்கிரெஸ் டிரைவர் எல்லாம் வரிசையாக நிற்கிறது. ஜார் சைஸ் 41 எம்பி. மூன்று என்டிட்டி இருக்கிற லைப்ரரிக்கு 41 எம்பி! லைப்ரரி மாட்யூலின் டார்கெட் ஃபோல்டரில் அதே பெயரோடு கடைசியில் ஒரிஜினல் என்று முடிகிற இன்னொரு ஃபைலும் கிடக்கிறது, அது 38 கேபி. அதைத் திறந்தால் கிளாஸ்கள் சரியான பாதையில் இருக்கின்றன.

பூட் பிளகினை லைப்ரரியில் நான் எங்கேயும் எழுதவில்லை. ஆனால் போன வாரம் இரண்டு ஆப் மாட்யூலிலும் ஒரே மாதிரி எழுதியிருக்கிறதே என்று அதை எடுத்துப் பேரன்ட் போமில் வைத்தோம். அதுதானா?

நாஞ்சில்_ஜாவா

அதேதான். பேரன்ட் போமின் பில்டு பிளகின்ஸில் வைத்தது கீழே உள்ள எல்லா மாட்யூலுக்கும் இறங்கும், லைப்ரரிக்கும் சேர்த்து. ஸ்பிரிங் பூட் பிளகினின் ரீபேக்கேஜ் வேலை என்னவென்றால், சாதாரண ஜாரை எடுத்து, நேரடியாக ஓட்டக்கூடிய பெரிய ஜாராகக் கட்டி, பழையதை ஒரிஜினல் என்று பெயர் மாற்றி ஒதுக்கிவைப்பது. ஓட்டுவதற்கு அது சரி. ஆனால் இன்னொரு மாட்யூல் அதை லைப்ரரியாக எடுத்தால் பூட்-இன்ஃப்புக்குள் இருக்கிற கிளாஸ்கள் அதன் கண்ணுக்குத் தெரியாது, ஏனென்றால் சாதாரண கிளாஸ்லோடர் ஜாரின் வேரிலிருந்துதான் பாதையைப் படிக்கும்.

ஒரு சந்தேகம். மெயின் கிளாஸ் இல்லாத மாட்யூலில் ரீபேக்கேஜ் ஓடினால் மெயின் கிளாஸ் கிடைக்கவில்லை என்று பில்டே நிற்கும், அப்போதே மாட்டியிருப்பீர்கள். உங்களுக்கு சக்சஸ் என்று வந்திருக்கிறது. லைப்ரரிக்குள் எங்கேயாவது மெயின் மெத்தட் இருக்கிறதா?

எப்படியானாலும் வழி இதுதான். பூட் பிளகினைப் பேரன்டில் பிளகின் மேனேஜ்மென்ட் பகுதிக்கு மட்டும் நகர்த்துங்கள், அங்கே வெர்ஷனும் கான்ஃபிகரேஷனும் இருக்கட்டும். ஓட்ட வேண்டிய இரண்டு ஆப் மாட்யூலில் மட்டும் பில்டு பிளகின்ஸில் ஒரு வரி சேர்த்தால் போதும். லைப்ரரி போமில் ஸ்கிப் என்று வைத்தும் தப்பிக்கலாம், ஆனால் நாளைக்கு இன்னொரு லைப்ரரி மாட்யூல் வந்தால் அங்கேயும் நினைவு வைத்துப் போட வேண்டும். ஒரே மாட்யூல் லைப்ரரியாகவும் வேண்டும், தனியாக ஓடவும் வேண்டும் என்றால் ரீபேக்கேஜுக்கு ஒரு கிளாசிஃபையர் கொடுங்கள், பெரும்பாலும் எக்ஸெக் என்று வைப்பார்கள். அப்போது முதன்மை ஜார் சாதாரணமாகவே இருக்கும், பெரிய ஜார் தனிப் பெயரில் பக்கத்தில் வரும்.

முழு புராஜெக்டையும் வேர் ஃபோல்டரிலிருந்து ஒரு தடவை பேக்கேஜ் போட்டிருந்தால் கிடங்கு கம்பைல் ஆகாமல் நின்று, இது போன வாரமே வெளியே வந்திருக்கும். எடிட்டர் பக்கத்து மாட்யூலின் கிளாஸ்களை நேராக எடுத்துக்கொள்ளும், ஜாரைத் தொடவே தொடாது, அதனால்தான் அங்கே எல்லாம் ஓடியது.

ஆரல்வாய்_காற்று

இந்தத் திரியைத் தேடி வருகிறவர்கள் எல்லாரும் லிக்விபேஸ் வைத்திருக்க மாட்டார்கள், அதனால் எங்கள் பக்கத்து அனுபவத்தையும் போட்டுவிடுகிறேன். முப்பந்தல் பக்கம் காற்றாலைகளின் பராமரிப்புப் பதிவுக்கு எழுதுகிறோம், என்டிட்டிகள் இங்கேயும் தனி ஜாரில்தான்.

ஸ்பிரிங் பூட்டுக்குப் பதிலாகக் குவார்க்கஸ் என்றால் கதை வேறு. அது பில்டு நேரத்திலேயே ஜான்டெக்ஸ் இன்டெக்ஸ் என்கிற கிளாஸ் பட்டியலைப் பார்த்துத்தான் என்டிட்டிகளைத் தெரிந்துகொள்ளும். லைப்ரரி ஜாரின் மெட்டா-இன்ஃப்புக்குள் ஜான்டெக்ஸ் ஃபைல் இருக்க வேண்டும். லைப்ரரியின் போமில் ஜான்டெக்ஸ் மேவன் பிளகினைச் சேர்த்தால் அதுவே எழுதிவிடும். இப்போது அது ஸ்மால்ரை பெயரில் வருகிறது, பழைய கட்டுரைகளில் ஜேபாஸ் குரூப் ஐடி இருக்கும், அதைக் காப்பி செய்யாதீர்கள். ஜார் வேறு யாருடையதோ, அதன் பில்டைத் தொட முடியாது என்றால் உங்கள் ஆப்பின் அப்ளிகேஷன் பிராப்பர்ட்டீஸில் இன்டெக்ஸ் டிபென்டன்சி என்று குரூப் ஐடியும் ஆர்ட்டிஃபாக்ட் ஐடியும் கொடுத்தால் போதும்.

பெர்சிஸ்டென்ஸ் எக்ஸ்எம்எல் வைத்துப் போகிறவர்களுக்கு: அந்த ஃபைல் எந்த ஜாரில், அல்லது எந்தக் கிளாஸ் ஃபோல்டரில் இருக்கிறதோ, அதற்குள் மட்டும்தான் தானாகத் தேடும். மற்ற ஜார்களை ஜார்-ஃபைல் என்ற டேகில் சொல்ல வேண்டும், அல்லது ஒவ்வொரு கிளாஸையும் கிளாஸ் டேகில் எழுத வேண்டும். ஜார்-ஃபைல் பாதை பில்டு நேரத்தில் ஒரு மாதிரியும் ஓடும் நேரத்தில் வேறு மாதிரியும் ஆகி உயிரை எடுக்கும். முப்பது, நாற்பது என்டிட்டி வரைக்கும் நான் கிளாஸ் டேகையே எழுதிவிடுவேன்.

க்வெரிடிஎஸ்எல்லில், என்டிட்டியிலிருந்து அது தானாக எழுதுகிற கியூ கிளாஸ் வரவில்லை என்று நிறையப் பேர் கேட்கிறார்கள். அனோட்டேஷன் பிராசசர் இப்போது கம்பைல் ஆகிற சோர்ஸைத்தான் பார்க்கும், ஜாருக்குள் ஏற்கெனவே கம்பைல் ஆகிக் கிடப்பதைத் தானாகத் தொடாது. லைப்ரரியின் சொந்த பில்டிலேயே பிராசசரை ஓட்டிக் கியூ கிளாஸையும் ஜாருக்குள் அனுப்புவதுதான் ஒழுங்கு. அது முடியாதபோது உங்கள் மாட்யூலில் க்வெரி என்டிட்டீஸ் அனோட்டேஷன் போட்டு லைப்ரரிக் கிளாஸ்களின் பெயரைக் கொடுக்கலாம். ஹைபர்னேட்டின் பைட்கோட் என்ஹான்ஸ் பிளகினும் அப்படித்தான், அந்தந்த மாட்யூலின் டார்கெட் கிளாஸ்களை மட்டும் மாற்றும், லைப்ரரிக்கு வேண்டுமென்றால் லைப்ரரி போமில்தான் வைக்க வேண்டும்.

தக்கலை_தம்பி

நாஞ்சில் அண்ணே, மெயின் மெத்தட் இருந்தது. முதலில் சங்கத்தின் பழைய எக்செல்லிலிருந்து விவசாயிகள் பட்டியலை ஏற்ற ஒரு சின்னக் கிளாஸ் எழுதினோம், அது லைப்ரரிக்குள்ளேயே தங்கிவிட்டது. அதை எடுத்து வரவு மாட்யூலுக்கு மாற்றிவிட்டேன். பூட் பிளகினையும் நீங்கள் சொன்ன மாதிரி நகர்த்தினேன். லைப்ரரி ஜார் இப்போது 37 கேபி, பாதை சரியாக இருக்கிறது. வேர் ஃபோல்டரிலிருந்து முழு இன்ஸ்டாலும் போட்டேன்.

டிராப் டேபிள் எல்லாம் போய்விட்டது! ஆனால் இப்போது சேஞ்ச்லாக்கில் நெடுவரிசை சேர், நெடுவரிசை டிராப் என்று ஜோடி ஜோடியாக ஒரு முப்பது வந்திருக்கிறது. உதாரணமாக பால்எடை என்று ஒன்றைச் சேர்க்கிறது, கீழே பால்_எடை என்பதை டிராப் செய்கிறது. இரண்டும் ஒன்றுதானே. தொடங்கிய இடத்துக்கே வந்துவிட்டேனா?

நாஞ்சில்_ஜாவா

இல்லை தம்பி, கடைசி வளைவுக்கு வந்துவிட்டீர்கள். பெயரிடும் முறைதான். ஸ்பிரிங் பூட் ஓடும்போது ஃபீல்டு பெயரின் நடுவில் பெரிய எழுத்து வந்தால் அங்கே அண்டர்ஸ்கோர் போட்டு நெடுவரிசைப் பெயர் ஆக்கும். பிளகின் ஸ்பிரிங் பூட்டைத் தொடங்குவதில்லை என்று சொன்னேன் அல்லவா, அதனால் அதற்கு இந்த வழக்கம் தெரியாது, ஹைபர்னேட்டின் சொந்த வழக்கத்தில் ஃபீல்டு பெயரை அப்படியே வைக்கும். ரெஃபரன்ஸ் யூஆர்எல்லிலேயே பிசிக்கல் நேமிங் ஸ்ட்ராட்டஜி என்று சேர்த்து, ஹைபர்னேட்டின் கேமல்கேஸ் டு அண்டர்ஸ்கோர்ஸ் கிளாஸின் முழுப் பெயரைக் கொடுங்கள். இம்ப்ளிசிட் நேமிங் ஸ்ட்ராட்டஜிக்கு ஸ்பிரிங் இம்ப்ளிசிட் கிளாஸைக் கொடுங்கள், இது ஸ்பிரிங் பூட் ஜாரில் இருப்பதால் பிளகினின் டிபென்டன்சியில் ஸ்பிரிங் பூட்டும் இருக்க வேண்டும். பழைய கட்டுரைகளில் ஸ்பிரிங் பிசிக்கல் நேமிங் என்று இருக்கும், ஸ்பிரிங் பூட் 3-இல் அது கிடையாது. நடுவில் வருகிற ஆம்பர்சண்டை மறக்காதீர்கள்.

தக்கலை_தம்பி

வந்துவிட்டது அண்ணே. ஃபைலில் ஒரே ஒரு சேஞ்ச்செட். பால்_வரவு டேபிளில் டிஆர்சி என்ற நெடுவரிசை, நியூமெரிக், நாட் நல். வேறு ஒரு வரியும் இல்லை. எல்லாருக்கும் மனசு நிறைந்த நன்றி. இன்றைக்கு ராத்திரியே ஓட்டிவிடட்டுமா? காலையில் ஐந்தரைக்கெல்லாம் பால் வரத் தொடங்கிவிடும்.

இரணியல்_அக்கா

ஒரு நிமிஷம் தம்பி, ஓட்டாதீர்கள். நாட் நல் என்று சொன்னீர்களே, எட்டு மாத வரவு ஏற்கெனவே அந்த டேபிளில் இருக்கிறது. அந்த வரிகளுக்கெல்லாம் டிஆர்சி என்ன மதிப்பு? டிஃபால்ட் கொடுக்காமல் நாட் நல் நெடுவரிசை சேர்க்கச் சொன்னால், வரி உள்ள டேபிளில் போஸ்ட்கிரெஸ் ஒத்துக்கொள்ளாது, எரர் போட்டு நிற்கும். அதற்காகப் பூஜ்யம் என்று டிஃபால்ட் வைத்துவிடாதீர்கள், பூஜ்யம் டிஆர்சி என்றால் பாலுக்குப் பணமே இல்லை என்று ரிப்போர்ட்டில் போய் நிற்கும்.

சேஞ்ச்செட்டை மூன்றாகப் பிரியுங்கள். முதலில் காலியாக இருக்கலாம் என்று நெடுவரிசையைச் சேருங்கள். அடுத்து பழைய மதிப்புகளை ஏற்றுங்கள். எல்லா வரியும் நிரம்பிய பிறகு கடைசியில் நாட் நல் கட்டுப்பாடு. பேக்கப் எடுத்த டேட்டாபேஸின் நகல் ஒன்றில் முதலில் ஓட்டிப் பாருங்கள்.

தக்கலை_தம்பி

நல்ல நேரத்தில் சொன்னீர்கள் அக்கா. பழைய டிஆர்சி எல்லாம் சங்கத்தின் நோட்டுப் புத்தகத்தில் தேதிவாரியாக இருக்கிறது, மெட்ரோலாக் (டிஆர்சி அளக்கிற கருவி) வைத்துப் பார்த்த அன்றைக்கே எழுதிவிடுவார்கள். இன்றைக்கு முதல் சேஞ்ச்செட்டை மட்டும் நகலில் ஓட்டுகிறேன். நோட்டை நாளைக்கு மத்தியானம் வாங்கிவந்து நானும் கூட்டாளியும் உட்கார்ந்து அடித்துவிட்டு, ஞாயிற்றுக்கிழமை பால் வரவு முடிந்த பிறகு கட்டுப்பாட்டைப் போடுகிறோம்.